கடன் வளர்ந்ததைச் சாதனையாக எழுதாதீர்கள்: தோட்டப்புறக் கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தோட்டப்புறச் சிறுநகரங்களில் இயங்கும் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர், உள் தணிக்கைக் குழுவினர்

அனுப்புநர்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வங்கி, கூட்டுறவுக் கணக்கு வேலை பார்ப்பவர்கள் சிலர்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்டக் காலம் நெருங்குகிறது. ஆண்டறிக்கைகள் அச்சுக்குப் போகும் நேரம். தலைவர் உரையில் வழக்கமாக ஒரு வரி வரும்: "உறுப்பினர்களுக்கு இவ்வாண்டு வழங்கிய கடன், சென்ற ஆண்டைவிட இத்தனை விழுக்காடு அதிகம்." கைதட்டல் கிடைக்கும், அடுத்த பக்கத்தில் லாப ஈவு அறிவிப்பு இருக்கும். அந்த வரியைச் சாதனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அது இருக்க வேண்டிய இடம் எச்சரிக்கைப் பகுதி என்று கேட்கவே இந்த மடல். அந்த வரி உண்மையிலேயே நல்ல செய்தியா என்று உறுப்பினர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள மூன்று அட்டவணைகளையும் உடன் இணைக்க வேண்டும். அவை எவை, எப்படித் தயாரிப்பது என்று பின்னால் சொல்கிறோம். உலகத்துப் பெரிய பொருளாதாரங்களில் நடந்ததை முதலில் எழுதக் காரணம் உண்டு. நியூயார்க்கிலும் தோக்கியோவிலும் கவிழ்ந்த நிறுவனங்களின் கணக்குப் புத்தகமும் நம் ஊர்ச் சங்கத்தின் கணக்குப் புத்தகமும் ஒரே வாய்ப்பாட்டில்தான் ஓடுகின்றன. சுழியங்களின் எண்ணிக்கைதான் வேறு.

உலகின் மொத்தக் கடன், அரசு, நிறுவனம், குடும்பம், வங்கி எல்லாம் சேர்த்து, 300 டிரில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்கக் குடும்பங்களின் கடன் மட்டும் 2024 இறுதியில் 18 டிரில்லியன் டாலர். ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டின் ஜிடிபியை, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நம் மலேசியாவில் குடும்பக் கடன் ஜிடிபியில் 84 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. கோவிட் ஆண்டான 2020-இல் அது 93 விழுக்காட்டைத் தொட்டது. இந்த எண்களைக் கேட்டதும் பலருக்கும் 'எவ்வளவு பெரிய தொகை' என்றுதான் தோன்றும். வங்கி மேற்பார்வை செய்பவர்கள் முதலில் அதைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது வேகத்தை.

வங்கிகளுக்கான பன்னாட்டு விதிகளாக 2010-இல் வந்த பாசல் 3 விதிகளில் இதற்கென்றே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு நாட்டில் தனியார் துறைக்குக் கொடுத்த கடனை ஜிடிபியோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் எடுக்கிறார்கள். அந்த விகிதம் தன் நீண்டகாலப் போக்கைவிட 2 புள்ளி மேலே போனால், வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்கத் தொடங்க வேண்டும். இடைவெளி 10 புள்ளியைத் தொட்டால் ஒதுக்கீடு, இடர் கணக்கிட்ட சொத்தில் 2.5 விழுக்காடு வரை உயரும். வழிகாட்டும் எண்கள்தான் இவை. ஆனால் அவற்றின் பின்னாலுள்ள அனுபவம் கெட்டியானது. வங்கி நெருக்கடிகளுக்கு முந்தைய சில ஆண்டுகளை எடுத்துப் பார்த்தால், கடன் வழக்கத்தை மீறி வேகமாக வளர்ந்திருப்பதே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் செய்ததும் இதுதான். அடமானமில்லாத நுகர்வோர் கடன்களுக்கான இடர் எடையை, அதாவது ஒரு கடனுக்கு எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் எண்ணை, 100-இலிருந்து 125 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அப்போது இந்திய வங்கிகளின் வாராக்கடன் விகிதம் பல ஆண்டுகளில் இல்லாத அளவு குறைந்திருந்தது. குறைந்திருந்தபோதே ஏன் கடிவாளம் போட்டார்கள்?

ஏனென்றால் கடன் வேகமாக வளரும் ஆண்டில் வாராக்கடன் விகிதம் தானாகக் குறையும். ஒரு சங்கத்தின் நிலுவைக் கடன் 1 கோடி ரிங்கிட். அதில் வராமல் நிற்பது 6 லட்சம். விகிதம் 6 விழுக்காடு. மறு ஆண்டு கடனை ஒன்றரைக் கோடியாக்குகிறார்கள். வராமல் நிற்பது 7 லட்சத்து 50 ஆயிரம். விகிதம் 5 விழுக்காடு. வாராக்கடன் கால் பங்கு கூடியிருக்கிறது, ஆண்டறிக்கையில் மட்டும் 'குறைந்துள்ளது' என்று அச்சாகும். புதிதாகக் கொடுத்த 50 லட்சம் இன்னும் முற்றவில்லை. எந்தக் கடனாளியும் முதல் மூன்று, நான்கு தவணையில் தவறுவது அரிது. ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துத்தான் நிறம் தெரியும். அதற்குள் இன்னும் 50 லட்சம் புதிதாகக் கொடுத்துவிட்டால் விகிதம் மறுபடியும் அடங்கியே இருக்கும். மறுநடவுக்கு முன் ரப்பர் மரத்தில் பட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் வெட்டினால் சில காலம் பால் கொட்டுமே, அந்த மாதிரி விளைச்சல் இது. வளர்ச்சி நிற்கிற ஆண்டில்தான் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். 'இந்த ஆண்டு திடீரென்று வாராக்கடன் கூடிவிட்டது' என்று அப்போது எழுதுவார்கள். உண்மையில் அது மூன்று ஆண்டுக்கு முன்னரே கூடத் தொடங்கியது.

இதைவிட நுட்பமாக ஒளிவது, புதுக்கடன் கொடுத்துப் பழையதைக் கழிக்கும் 'டாப்-அப்' கடனில். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

10,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 5 விழுக்காடு நேர் வட்டி, 10 ஆண்டு தவணை. வட்டி 5,000, மொத்தம் 15,000, மாதம் 125 ரிங்கிட். ஐந்து விழுக்காடு என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் தொடக்க அசலுக்கே ஓடுவதால், உண்மையான வட்டி ஏறத்தாழ 8.7 விழுக்காடு. மூன்று ஆண்டு ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால் உறுப்பினர் கட்டியது 4,500. அதில் அசலில் கழிந்தது 2,154 மட்டுமே, மீதி வட்டி. பாக்கி 7,846. தொடக்க மாதங்களிலேயே வட்டியை அதிகமாக எடுத்துக்கொள்ளும் '78 விதி'ப்படி கணக்குப் பார்க்கும் சங்கமாக இருந்தால் பாக்கி இன்னும் கூடி 8,041 ஆகும். இந்தக் கட்டத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது, அல்லது மகளுக்குக் கல்யாணம். உறுப்பினர் வருகிறார். புதிதாக 10,000 கொடுத்துப் பழையதைக் கழிக்கிறோம். அவர் கைக்கு வருவது 2,154. அதிலும் செயல்முறைக் கட்டணமும் காப்புறுதியும் போகும். தவணை மறுபடியும் 120 மாதம்.

சங்கத்தின் புத்தகத்தில் இது எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். 'புதிய கடன் 10,000 வழங்கப்பட்டது.' 'பழைய கடன் முழுமையாகத் தீர்ந்தது.' இரண்டுமே நல்ல செய்தி. நடந்ததோ, ஒருவர் மூன்று ஆண்டாகக் கட்டிய கடன் தொடங்கிய இடத்துக்கே போய்ச் சேர்ந்ததுதான். அவர் பழைய கடனில் இரண்டு தவணை தவறியிருந்தால் அந்தத் தவறலும் இந்தக் கழிப்பில் மறைந்துபோகும். ஜப்பானிய வங்கிகள் 1990-களில் செய்ததும் பெரிய அளவில் இதே வேலைதான். 1989 டிசம்பர் இறுதியில் 38,915 புள்ளியில் நின்ற நிக்கேய் பங்குக் குறியீடு சரிந்து, நிலவிலையும் விழுந்த பின், கட்ட முடியாத நிறுவனங்களுக்கு வட்டி கட்டுவதற்காகவே புதுக்கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாராக்கடன் என்று ஒப்புக்கொள்ளாமல் தள்ளிப்போட்ட அந்த ஆண்டுகளின் விலையை நாடே கொடுத்தது. நிக்கேய் அந்தப் பழைய உச்சியைத் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான்.

ஜப்பானில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதை உண்டு. நம்மவர்கள் அதிகம் பேசாதது. 1990-இல் அந்நாட்டு நிதி அமைச்சு, வங்கிகள் நிலத் தொழிலுக்குக் கடன் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. 'ஜூசென்' எனப்பட்ட வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு விவசாயக் கூட்டுறவு அமைப்புகள் கொடுக்கும் கடன் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. விவசாயிகளின் சேமிப்பு அந்த வழியாக நகரத்து நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஓடியது. ஏழு ஜூசென் நிறுவனங்கள் கவிழ்ந்தன. 1996-இல் அவற்றை மூட 685 பில்லியன் யென் பொதுப்பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. வங்கிகள் கதவைச் சாத்தும்போது, சாத்தாமல் இருக்கும் கதவைத் தேடி இடர் வந்து சேரும். வங்கி மறுத்த கடன் விண்ணப்பம் நம் கவுண்டருக்கு வரும்போது, வங்கி ஏன் மறுத்தது என்று கேட்கிறோமா? அல்லது 'வங்கி கைவிட்டவருக்குச் சங்கம் கைகொடுக்கிறது' என்று பெருமைப்படுகிறோமா? கைகொடுப்பது நல்லதுதான். கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, எந்தப் பணத்தில் கடன் கொடுக்கிறோம் என்பது. தனிநபர் கடனுக்குப் பத்தாண்டு, வீட்டுக் கடனுக்கு 35 ஆண்டு என்று நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2013 ஜூலையில் தவணை உச்சவரம்பு விதித்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அது பொருந்தியது. பல சங்கங்கள் இந்தப் பத்தாண்டை உச்சவரம்பாக எடுக்காமல் வழக்கமாகவே ஆக்கிவிட்டன. மாதத் தவணை சிறிதாகத் தெரியும், விண்ணப்பம் சுலபமாகத் தேறும். அந்தக் கடனுக்குப் பணம் வருவது உறுப்பினரின் 6 மாத, 12 மாத வைப்பிலிருந்து. கொடுத்தது பத்தாண்டுக்கு, வாங்கியது ஓராண்டுக்கு.

அமெரிக்காவில் 'சேமிப்புக் கடன் சங்கங்கள்' என்றே பெயர் வைத்துக்கொண்டு, ஊர் மக்களின் வைப்பை வாங்கி ஊர் மக்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்த அமைப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. முப்பதாண்டு நிலை வட்டியில் கடன், குறுகிய கால வைப்பு. 1980-ஐ ஒட்டி வட்டி விண்ணுக்குப் போனபோது, கொடுத்த கடனில் வரும் வட்டியைவிட வைப்புக்குக் கொடுக்கும் வட்டி கூடிவிட்டது. 1986-க்கும் 1995-க்கும் இடையில் 1,043 சங்கங்கள் மூடப்பட்டன. வரி கட்டுவோர் தலையில் விழுந்தது சுமார் 124 பில்லியன் டாலர். இந்தியாவில் 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் விழுந்ததும் இதே வழியில்தான். சாலைக்கும் மின்நிலையத்துக்கும் நீண்டகாலக் கடன் கொடுத்துவிட்டு, குறுகிய காலப் பத்திரங்களில் பணம் திரட்டியது. 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் நின்றது. சிலிக்கன் வேலி வங்கியின் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25-5.50 விழுக்காட்டுக்கு ஏற்றியது. அந்த ஏற்றத்தின் நடுவில், நீண்டகாலப் பத்திரங்களில் பணத்தைப் பூட்டியிருந்த அந்த வங்கி, வைப்பைத் திருப்பிக் கொடுக்க 21 பில்லியன் டாலர் பத்திரங்களை 1.8 பில்லியன் நட்டத்தில் விற்க நேர்ந்தது. அறிவிப்பு வந்த மறுநாள், 2023 மார்ச் 9 அன்று, ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் வெளியேறியது. 10-ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. பெரும்பாலும் அமெரிக்க அரசு, அரசு சார்ந்த அமைப்புகளின் பத்திரங்களில் போட்ட பணம் அது. திருப்பித் தராத ஆள் யாருமில்லை. காலம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 மே வரை 1.75 விழுக்காடாக இருந்த பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி, 2023 மே மாதம் 3 விழுக்காடானது. பிறகு 2025 ஜூலையில் 2.75-க்கு இறங்கியது. வங்கிகளின் வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் மிதக்கும் வட்டியில் இருப்பதால் ஏற்றம் கடன் வாங்கியவர் தோளில் ஏறும். சங்கத்தின் தனிநபர் கடன் நிலை வட்டி. ஏற்றம் சங்கத்தின் தோளில்தான் விழும். 80 லட்சம் ரிங்கிட் வைப்பு உள்ள சங்கம், போட்டிக்கு ஈடாக 1.25 புள்ளி கூட்டிக் கொடுக்க வேண்டி வந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் கூடுதல் செலவு. அந்த ஒரு லட்சத்தை உங்கள் சங்கத்தின் நிகர லாபத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அதிக வட்டி காட்டி வைப்பு இழுக்கும் யோசனை சில குழுக்களில் எழுகிறது. சீனாவின் ஹெனான் மாநிலத்துச் சிற்றூர் வங்கிகள் சில, இணையத்தளங்கள் வழியே வெளி மாநிலத்தவரிடமும் அதிக வட்டிக்கு வைப்பு வாங்கின. 2022 ஏப்ரலில் கணக்குகள் முடங்கின. ஜூலையில் செங்சோ நகரில் வைப்பாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். சீனா வரை போக வேண்டியதுமில்லை. 1986-இல் இதே மலேசியாவில், வைப்பு வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களைப் பேங்க் நெகாரா முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைப்பாளர்கள், சுமார் 1.5 பில்லியன் ரிங்கிட். வைப்புப் பணம் நிலத்துக்கும் பங்குக்கும், இயக்குநர்களோடு தொடர்புடைய நிறுவனங்களுக்கும் போயிருந்தது. முந்தைய ஆண்டில் பொருளாதாரமே சுருங்கியதால் நிலமும் பங்கும் சேர்ந்து விழுந்தன. வைப்பை மீட்க மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வணிக வங்கியில் போட்ட வைப்புக்கு பிடிம் எனப்படும் மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகம் ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை பொறுப்பேற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் வைப்பு அதில் சேராது. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி தன் இபிஎஃப் பணத்தை எடுத்து வந்து நம் கவுண்டரில் வைக்கும்போது இது அவருக்குத் தெரியுமா? வைப்புச் சீட்டிலேயே தமிழிலும் மலாயிலும் ஒரு வரி அச்சடிக்கலாம். அச்சுச் செலவு சில நூறு ரிங்கிட்தான். வைப்பு குறைந்துவிடும் என்று பயப்படும் குழு, தான் எதை மறைத்து வைப்பு வாங்குகிறது என்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, யாருக்குக் கொடுக்கிறோம் என்பது. தோட்டப்புற நகரத்துச் சங்கத்தின் கடனாளிகள் பார்வைக்குப் பலவகை: ஆலைத் தொழிலாளி, லோரி ஓட்டுநர், மளிகைக் கடைக்காரர், சிறுதோட்டக்காரர், பள்ளிக்கூட ஊழியர். கடைசி ஆளைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே விலையில் தொங்குகிறார்கள். செம்பனை எண்ணெய் விலை 2022 மார்ச்சில் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதிக்குள் 3,500-க்குக் கீழே வந்தது. விலை விழும்போது சிறுதோட்டக்காரரின் தவணை முதலில் தவறும். அடுத்து லோரிக்காரர், அப்புறம் கடைப் பற்றுக் கணக்கு. நான்கு தொழிலுக்குக் கொடுத்த கடன் என்று நினைத்தது ஒரே கடனாக மாறிவிடும்.

ஜாமீனும் அப்படித்தான். முருகனுக்கு மணியம் ஜாமீன், மணியத்துக்கு ராஜு ஜாமீன், ராஜுவுக்கு முருகன் ஜாமீன். பெயர்கள் கற்பனை, வட்டம் கற்பனையல்ல. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பார்த்தால் ஜாமீன்தாரர் கையெழுத்து சரியாக இருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒருவருக்கும் ஜாமீன் இல்லை. ஒரு ஆலை மூடினால் மூவருக்கும் சம்பளம் நிற்கும். உள் தணிக்கைக் குழு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, கடனாளி பெயரிலிருந்து ஜாமீன்தாரர் பெயருக்கு அம்பு போட்டு ஒரு பெரிய தாளில் வரைந்தால் போதும். அம்பு கிளம்பிய இடத்துக்கே திரும்பும் வட்டங்களும், நாலைந்து அம்புகள் குத்தி நிற்கும் ஒரே பெயரும் உடனே தெரியும். அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் ட்ரைகலர் என்ற கார்க்கடன் நிறுவனம் விழுந்தபோது, ஒரே அடமானத்தைத் தனக்குக் கடன் கொடுத்த பலரிடம் காட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பெரிய பெரிய வங்கிகளுக்கே அது முன்கூட்டித் தெரியவில்லை. நம் உறுப்பினரின் ஒரே சம்பளச் சீட்டு எத்தனை மேசைக்குப் போயிருக்கிறது? பேங்க் நெகாராவின் கடன் தகவல் பதிவான சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் வங்கிக் கடன் தெரியும். வேறு சங்கத்தில் வாங்கியதும், கைப்பேசியில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று வாங்கியதும் தெரியாமல் போகலாம். ஆலோங் எனும் உரிமமில்லாத வட்டிக்காரனிடம் வாங்கியது எந்த அறிக்கையிலும் வராது. சம்பளச் சீட்டோடு கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் கேளுங்கள். சம்பளம் விழுந்த நாலைந்து நாளுக்குள் சிறுசிறு தொகைகள் பல பெயர்களுக்குப் போயிருந்தால் அங்கே விடை இருக்கிறது.

சம்பளப் பிடித்தம் இருக்கிறதே என்பார்கள். அரசு ஊழியருக்குத் தேசியக் கூட்டுறவு அமைப்பான அங்காசா வழியாகப் பிடித்தம் வரும்வரை பெரிய கவலை இல்லை. மொத்தப் பிடித்தம் 60 விழுக்காடு என்ற உச்சவரம்பும் உண்டு. (2,500 சம்பளக்காரர் 1,000 ரிங்கிட்டில் மாதத்தை ஓட்டுவாரா என்பது தனிக் கேள்வி. ஓட்ட முடியாதவர்தான் ஆலோங்கிடம் போகிறார்.) தனியார் ஆலையிலோ குத்தகையாளரிடமோ வேலை செய்பவருக்குப் பிடித்தம் என்பது வேலை இருக்கும்வரை மட்டும். நம் இளைஞர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். வேலை மாறிய மாதமே பிடித்தம் நிற்கும். ஊரில் மிஞ்சுவது ஜாமீன்தாரர்.

இப்போது நாங்கள் கேட்கும் அட்டவணைகள். மூன்றையும் எக்செல் தாளில் எழுத்தர் ஒருவர் செய்துவிடலாம். மென்பொருள் வாங்க வேண்டாம்.

முதலாவது, கடனை வழங்கிய ஆண்டுவாரியாகப் பிரிப்பது. 2021-இல் கொடுத்தவை ஒரு வரி, 2022-இல் கொடுத்தவை அடுத்த வரி. ஒவ்வொரு வரியிலும் கொடுத்து 6, 12, 24, 36 மாதம் ஆனபோது எத்தனை விழுக்காடு மூன்று தவணைக்கு மேல் தவறியிருந்தது என்று எழுத வேண்டும். புதிய வரிசைகள் அதே வயதில் பழையவற்றைவிட மோசமாக இருந்தால், மொத்த விகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடன் கொடுக்கும் தரம் இறங்கிவிட்டது என்று பொருள். இதில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. நான்கு தவணை தவறியவரின் பெயரில் 'தவறிய தொகை 500 ரிங்கிட்' என்று எழுதுகிறார்கள். ஆபத்தில் இருப்பது 500 அல்ல. அவருடைய முழுப் பாக்கி, 8,000 ஆக இருந்தால் அந்த 8,000. முழுப் பாக்கியையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கட்டாதவரின் வட்டியை வருமானமாகப் பதிவதையும் நிறுத்துங்கள். கைக்கு வராத வட்டியை லாபமாகக் காட்டி அதிலிருந்து ரொக்கமாக லாப ஈவு கொடுத்தால், அந்த ரொக்கம் வேறெங்கிருந்தும் வரவில்லை. வைப்பாளரின் பணத்திலிருந்துதான் வருகிறது.

இரண்டாவது, டாப்-அப் பட்டியல். இவ்வாண்டு வழங்கிய கடனில் பழைய கடனைக் கழிக்கப் போனது எவ்வளவு, உறுப்பினர் கைக்குப் போனது எவ்வளவு? ஒரே ஆள் எத்தனையாவது முறை? தவணை தவறியிருந்தவருக்குக் கொடுத்த டாப்-அப்பைத் தனியே காட்ட வேண்டும். அதைப் புதுக்கடனாக எண்ணாமல் 'மறுசீரமைத்த கடன்' என்று எழுதி, ஆறு தவணை ஒழுங்காக வரும்வரை வாராக்கடன் பிரிவிலேயே வைத்திருங்கள்.

மூன்றாவது, காலப் பொருத்தம். இடப்பக்கம் அடுத்த 12 மாதத்தில் முதிரும் வைப்பு. வலப்பக்கம் அதே 12 மாதத்தில் வரவேண்டிய அசலும் கையிருப்பு ரொக்கமும். எடுத்துக்காட்டாக, முதிரும் வைப்பு 60 லட்சம், வரும் அசல் 11 லட்சம், ரொக்கம் 6 லட்சம் என்று வையுங்கள். வைப்பாளரில் பத்துக்கு ஏழு பேர் புதுப்பித்தாலும் மீதி மூன்று பேருக்குக் கொடுக்க 18 லட்சம் வேண்டும். கையில் 17 லட்சம்தான். அதுவும் புதுக்கடன் ஒரு காசும் கொடுக்காமல் இருந்தால். உறுப்பினர் விலகினால் பங்குத்தொகையும் திரும்பிப் போகும் என்பதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் இறுகும். சீனா 2020 ஆகஸ்டில் வீடமைப்பு நிறுவனங்களுக்குப் போட்ட மூன்று 'சிவப்புக் கோடு'களில் ஒன்று இதே கணக்குதான்: கையிருப்பு ரொக்கம், குறுகிய காலக் கடனைவிடக் குறையக்கூடாது. 300 பில்லியன் டாலருக்கு மேல் பொறுப்பு வைத்திருந்த எவர்கிராண்ட் அந்தக் கோட்டுக்குள் வர முடியாமல், 2024 ஜனவரி 29 அன்று ஹாங்காங் நீதிமன்ற ஆணையால் கலைப்புக்குப் போனது. ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டி கட்டிய கண்ட்ரி கார்டனும் 2023-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டத் தவறியது. அவ்வளவு தொலைவிலுள்ள கடன் நம் நாட்டுக் கரைவரை வந்து நிற்கிறது.

கடனே கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய கூட்டுறவு, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், நம் சமூகத்தின் கைவேலை. அது சேமிப்பைச் சொத்தாக்கியது. நம் சங்கங்கள் பலவும் இன்று சேமிப்பைச் செலவுக் கடனாக்குகின்றன. வங்கிக் கதவு திறக்காதவருக்கு நாமும் இல்லையென்றால் ஆலோங்தான் இருக்கிறான் என்பதும் தெரியும். ஆகவே கடனை நிறுத்த வேண்டாம். நிலுவைக் கடனின் வளர்ச்சியை, உறுப்பினர் சேமிப்பும் பங்கும் வளர்ந்த அளவுக்குள் வையுங்கள். கடன் 20 விழுக்காடு வளர்ந்து சேமிப்பு 6 விழுக்காடு வளர்ந்தால் மீதியை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று பொதுக்கூட்டத்தில் சொல்லுங்கள். தனிநபர் கடனை ஐந்தாண்டுக்குள் அடக்கப் பாருங்கள். அதே 10,000-க்கு ஐந்தாண்டில் மாதம் 208 ரிங்கிட் ஆகும், கசக்கத்தான் செய்யும். வட்டி 5,000-க்குப் பதில் 2,500. அந்த 208-ஐக் கட்ட முடியாதவருக்கு 10,000 பெரிய தொகை, 6,000 கொடுங்கள். கடன் முற்றிப்போனவரை டாப்-அப் மேசைக்கு அனுப்பாமல், கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேக்கு அனுப்புங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனை இலவசம்.

உள் தணிக்கைக் குழுவினருக்குத் தனியே ஒரு சொல். பொதுக்கூட்ட அறிவிப்பு போவதற்கு முன் மூன்று அட்டவணைகளையும் எழுத்துமூலம் கேளுங்கள். 'கணக்குப் பரிசோதகர் பார்த்துவிட்டார்' என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். அவர் பார்ப்பது சென்ற டிசம்பர் 31 நிலவரம், நீங்கள் கேட்பது அடுத்த பன்னிரண்டு மாதம். குழு தரவில்லையென்றால் தரவில்லை என்பதையே உங்கள் அறிக்கையில் எழுதி உறுப்பினர்கள் முன் வையுங்கள். தொடர்ந்தும் மறுத்தால் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் மாநில அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போதும்; 1993-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. எழுத்தருக்கு நேரமில்லை என்று சொல்லும் சங்கங்களுக்கு முதல் ஆண்டு அட்டவணைகளை நாங்களே உட்கார்ந்து போட்டுத் தருகிறோம். கடன் பேரேடு, ஜாமீன் பதிவேடு, வைப்பு முதிர்வுப் பட்டியல் மூன்றும் எடுத்து வைத்திருந்தால் போதும். உறுப்பினர் பெயர்களை மறைத்து எண்களாகக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
கூட்டுறவு, வங்கிக் கணக்கர்கள் சிலர்
சுங்கை சிப்புட், பேராக்